கம்பி விட்டால் எந்தத் தண்ணீரும் பழுப்பாகும்

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வந்தவர் அதில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சினார். பழுப்பாகிக் கசடு திரண்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது. காய்ச்சிக் குடித்தால் போதாதா?

பதில்: அந்தக் கசடு உங்கள் கிணற்றுடையது அல்ல, கம்பியுடையது. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக் கம்பி கரைந்து துருவாகத் திரளும். அவருடைய தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது. அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். இதைக் காட்டிப் பயமுறுத்தி விற்பது அப்பட்டமான ஏமாற்று.

டிடிஎஸ் மீட்டரையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் அது மதிப்பிடும். கிருமி அதற்குத் தெரியாது. ஆர்செனிக் என்ற நஞ்சுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் நூற்றில் ஒரு பங்கு. மில்லிகிராம் கணக்கில் காட்டும் கருவி அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

சரி, காய்ச்சுவது? கிருமிக்குப் போதும். நன்றாகக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள்.

ஆனால் வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் பொறுங்கள். உரமோ கழிவுநீரோ இறங்கிய கிணற்றில் நைட்ரேட் இருக்கலாம். அது காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடும். குழந்தைக்கு நல்லது என்று நெடுநேரம் கொதிக்க விடும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். நைட்ரேட் மிகுந்தால் பிஞ்சு ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடல் நீலம் பாரிக்கும். லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தத் தண்ணீரில் பால் கரைக்கவே கூடாது.

ஆகவே முதலில் பரிசோதனை. ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் கிருமி), நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்செனிக் நான்கையும் கேளுங்கள். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய புட்டியில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். விற்பவரே செய்து தரும் இலவசப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் அறிவித்தது. இன்றும் உலகில் 200 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அது இல்லை. உரிமை என்றால் பரிசோதனை முடிவு வீடு தேடி வர வேண்டும். புட்டியைத் தூக்கிக்கொண்டு நீங்கள் ஏன் அலைய வேண்டும்?

அப்புறம், காய்ச்சிய தண்ணீரை மூடியும் குழாயும் உள்ள பாத்திரத்தில் வையுங்கள். டம்ளரோடு கையை உள்ளே விட்டால் கிருமி திரும்ப வந்துவிடும். ஆய்வறிக்கை கைக்கு வரும்வரை அந்த விற்பனையாளருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.