கஜகஸ்தானின் இளஞ்சிவப்பு உப்பு ஏரியைப் பார்க்க எப்போது போகலாம்? அங்கிருந்து உப்பு எடுத்து வரலாமா?

கோபெய்துஸ் ஏரியைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அஸ்தானாவுக்குக் கிழக்கே, எரெய்மென்தாவ் பக்கம் இருக்கிறது. கஜக் மொழியில் 'துஸ்' என்றால் உப்பு. அங்கே படித்த காலத்தில் ஒரு ஜூலையில் போயிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து ஒரு பிடி கூட எடுக்காதீர்கள்.

அந்த ஏரி, தண்ணீர் வெளியேற வழியில்லாத ஒரு பள்ளம். குளிர்காலம் முழுக்கப் புல்வெளியில் உறைந்து கிடக்கும் பனி ஏப்ரல் வாக்கில் உருகி, மண்ணிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு அங்கே வந்து தேங்கும். அந்தப் பகுதியில் ஆண்டு முழுக்க மழையும் பனியும் சேர்ந்தே ஏறக்குறைய 300 மில்லிமீட்டர்தான். கோடை வெயிலும் ஓயாத காற்றும் தண்ணீரைக் குடித்துவிடும், உப்பு தங்கிவிடும்.

உப்பு ஏற ஏற மற்ற பாசிகள் செத்துப்போகும். டுனாலியெல்லா சலினா என்ற நுண்பாசி தாக்குப்பிடிக்கும். சுள்ளென்ற வெயிலைத் தாங்க அது பீட்டா கரோட்டினைச் சேர்த்து வைக்கிறது. கேரட்டில் இருக்கும் அதே நிறமி, ஏரிக்கு இளஞ்சிவப்பு தருவது இதுதான். தூத்துக்குடி உப்பளங்களில் உப்பு விளையும் முன் பாத்தித் தண்ணீர் சிவந்து தெரிவதற்கும் இந்தப் பாசி ஒரு காரணம்.

சரி, எப்போது போகலாம்? கோடையில், ஜூலை, ஆகஸ்ட். ஆனால் உறுதி கிடையாது. பனி மிகுந்த ஆண்டில் உப்பு நீர்த்து நிறம் வராமலே போகலாம், வறட்சியில் வெறும் வெள்ளைத் தரைதான்.

2020-இல் படங்கள் பரவியதும் கூட்டம் குவிந்தது. கரை வரை காரை ஓட்டினார்கள், மருந்து என்று நம்பி உப்பைப் பை பையாக அள்ளிப் போனார்கள். அந்த உப்புப் படலம்தான் அடுத்த வசந்தத்தில் மறுபடி கரைய வேண்டியது. அதை அள்ளி, மிதித்துச் சேறாக்கினால் பாசிக்கு என்ன மிஞ்சும்? நான் போனது அதற்கு முன்பு. ஒரு சிறு டப்பாவில் உப்பு அள்ளினேன். வண்டி ஓட்டி வந்த பெரியவர், அகா என்றுதான் கூப்பிடுவோம், டப்பாவை வாங்கித் திரும்பக் கொட்டினார். "இங்கேயே இருக்கட்டும்" என்றார். இன்று நினைத்தாலும் நல்ல காரியம்தான் செய்தார் என்று தோன்றுகிறது.

நிறம் பார்க்கத்தான் ஆசை என்றால் அஸ்தானாவுக்குத் தென்மேற்கே தெங்கிஸ் ஏரிக்கும் போங்கள். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். உலகில் பூநாரைகள் கூடு கட்டும் இடங்களில் மிக வடக்கே இருப்பவற்றில் அதுவும் ஒன்று. உப்புநீர் இறால் பாசியைத் தின்கிறது, பூநாரை இறாலைத் தின்கிறது. அந்தச் சிவப்பும் இதே கரோட்டின் வகைதான். அந்த ஏரி இருக்கும் கோர்கல்ஜின் இயற்கைக் காப்பகத்தில் முன்அனுமதி வாங்கவேண்டும். பைனாகுலர் மறக்காதீர்கள், பறவைகள் வெகு தூரத்தில் நிற்கும்.