வாட்ச் 128 காட்டுகிறது, என் பயம் எவ்வளவு?

கேள்வி: லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் ஸ்டீயரிங்கில் கை வைத்தாலே உள்ளங்கை நனைந்துவிடுகிறது. வண்டியைக் கிளப்பும் முன்பே ஸ்மார்ட் வாட்ச்சில் நாடித்துடிப்பு 128. என் பயத்தை இப்படி அளந்து, அது குறைகிறதா என்று பார்க்க முடியுமா?

பதில்: வாட்ச்சைவிட உங்கள் உள்ளங்கையை நான் அதிகம் நம்புவேன். நாடித்துடிப்பு காபி குடித்தாலும் ஏறும், படியேறினாலும் ஏறும். உள்ளங்கை பெரும்பாலும் மனப் பதற்றத்துக்குத்தான் வியர்க்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் இரண்டு விரல்களில் சின்ன மின்முனைகளை ஒட்டி, நமக்குத் தெரியவே தெரியாத அளவுக்கு மின்சாரம் விட்டு, தோல் அதை எவ்வளவு கடத்துகிறது என்று மைக்ரோசீமன்ஸ் என்ற அலகில் பார்ப்பார்கள். நிஜமாக ஓட்டுவதுபோலவே இருக்கும் சிமுலேட்டர் திரையில் ஒரு லாரி சட்டென்று குறுக்கே வந்தால், ஒன்றிலிருந்து மூன்று வினாடிக்குள் அந்த அளவைக் காட்டும் கோடு மேலே போகத் தொடங்கும். கூடவே ஈசிஜி, மூச்சின் வேகம் எல்லாம் பார்ப்பார்கள். எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனையும் பார்ப்பதுண்டு, ஆனால் அது உச்சத்துக்கு வர இருபது, முப்பது நிமிடம் பிடிக்கும்.

இவ்வளவு அளந்தாலும் கிடைப்பது உடம்பின் பரபரப்புதான், பயம் இல்லை. சந்தோஷத்தில் துள்ளினாலும் அதே கோடு ஏறும். அதனால்தான் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் கொண்டுவந்த முறைப்படி, 0 முதல் 100 வரை உங்கள் பயம் எத்தனை என்று உங்களிடமே கேட்கிறார்கள். உடம்பின் அளவும் நீங்கள் சொல்லும் எண்ணும் எப்போதும் ஒத்துப்போகாது. துடிப்பு சாதாரணமாக இருக்கும்போதே 80 என்பவர்கள் இருக்கிறார்கள்.

நீங்கள் ஒரு நோட்டுப் போடுங்கள். கிளம்பும் முன் சீட்டில் அமைதியாக உட்கார்ந்து வாட்ச் எண்ணையும் மனசு சொல்லும் எண்ணையும் எழுதுங்கள். ஒரே பாதை, முடிந்தவரை ஒரே நேரம். வண்டியை நிறுத்தியபின் துடிப்பு இறங்க எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், எனக்கு அதுதான் முக்கியம். ஓட்டும்போது தயவுசெய்து வாட்ச்சைப் பார்க்காதீர்கள். கவனம் போவது ஒரு பக்கம், ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துத் திருப்பும்போது மணிக்கட்டு அசைந்து அளவும் தப்பாக வரும். மனசு எண் குறைந்த பிறகும் உடம்பு எண் கொஞ்ச நாள் அப்படியே நிற்கலாம், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

வண்டி ஓட்டாத நேரத்திலும் படபடப்போ, நெஞ்சுவலியோ, மயக்கமோ வந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். ஒரு விபத்துக்குப் பிறகு தொடங்கிய பயம் என்றால் தனியாகப் போராட வேண்டாம், பயத்தைப் படிப்படியாகப் பழக்கித் தணிக்கும் சிகிச்சை தரும் மனநல நிபுணரைப் பாருங்கள். இல்லையென்றால், பத்து தடவை ஓட்டியதும் நோட்டில் என்ன வந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.