மேல் ஸட்ஜம் உடைவது கச்சேரியால் அல்ல, வகுப்பால்

கச்சேரியைக் குறைக்க வேண்டாம், வகுப்பில் பிள்ளைகளோடு சேர்ந்து பாடுவதைக் குறையுங்கள். தினமும் நான்கு மணி நேரம் பாட்டு வகுப்பு எடுக்கிறேன், ஞாயிறு கச்சேரியில் மேல் ஸட்ஜம் (மேல் ‘ஸ’) உடைகிறது, கச்சேரியைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் சுருதி (அடிப்படை ‘ஸ’ நிற்கும் உயரம்) ஒரு கட்டை, வகுப்புச் சிறுமிகளுடையது அதைவிட உயரமான ஐந்து கட்டை. அவர்களோடு தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை பாடினால், அவர்களின் மேல் ஸட்ஜம் உங்களுக்குத் தார பஞ்சமம், அதாவது உங்கள் மேல் ஸட்ஜத்துக்கும் மேலே உள்ள ‘ப’. கச்சேரியில் எப்போதாவது தொடும் இடம் அது. வகுப்பிலோ ஒவ்வொரு பிள்ளைக்காகவும் போய் நிற்கிறீர்கள். வகுப்பு, கச்சேரி, நாட்டியத்துக்குப் பாடுவது என்று மூன்றையும் ஓட்டுகிற நானும் இதில்தான் மாட்டினேன். இப்போது ஒரு முறை பாடிக் காட்டிவிட்டு, அப்புறம் கீபோர்டில் வாசித்து விடுகிறேன், கை தாளம் போடும். (பிள்ளைகளுக்கும் சொந்தக் குரல் காதில் விழுகிறது!)

ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். காலையிலும், வகுப்பு முடிந்த பிறகும், மேல் ஸட்ஜத்தை வாய் மூடி மெல்லத் தொடுங்கள். காலையில் வந்து இரவில் வராவிட்டால் பெரும்பாலும் வகுப்புதான் காரணம்.

காலையிலேயே கரகரப்பு இருந்து, மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். மிளகுப் பாலை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.