ரீடெல் தைராய்டு அழற்சி: கழுத்துக்கு அப்பால் கவனிக்க வேண்டியவை (கேள்வி பதில்)

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு ரீடெல் தைராய்டு அழற்சி என்று உறுதியாகியிருக்கிறது. கழுத்தில் வந்த நோய்க்கு வயிற்றை ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்?

பதில்: ஜெர்மனியைச் சேர்ந்த அறுவை மருத்துவர் பெர்ன்ஹார்ட் ரீடெல் 1896-இல் இந்நோயை விவரித்தபோது, தைராய்டு இரும்பைப் போல் இறுகிக் கிடந்ததைத்தான் குறிப்பிட்டார். ஆனால் சுரப்பியை விழுங்கி இப்படி இறுக்கும் அதே நார்த்திசு, அதாவது தழும்பு போன்ற கடினத் திசு, உடலின் வேறு இடங்களிலும் வளரக்கூடும். பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு நோயாளிக்கு அப்படி நேர்கிறது. நான் அதிகம் அஞ்சுவது வயிற்றின் பின்சுவரில் வளரும் நார்த்திசுவைத்தான். அது பெருந்தமனியைச் சுற்றிப் படர்ந்து, இரு பக்கச் சிறுநீர்க் குழாய்களையும் நடுப்பக்கமாக இழுத்து நெரிப்பதால், சிறுநீர் இறங்க வழியின்றிச் சிறுநீரகம் வீங்குகிறது. இது மெல்ல நடப்பதால், மந்தமான இடுப்புவலியைத் தவிர வேறெதுவும் தெரியாமலே சிறுநீரகம் பழுதாகிவிடலாம். ஆகவே, நோய் உறுதியான அன்றே, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அடைப்பு இருந்தால், குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழலை வைத்துச் சிறுநீரகத்தை முதலில் காப்பாற்ற வேண்டும்.

கேள்வி: ஐயா, ரீடெல் நோயோடு தொடர்புடைய ஐஜிஜி4 என்ற எதிர்ப்புரதத்தின் அளவு என் ரத்தத்தில் இயல்பாக இருக்கிறது. அப்படியானால் மற்ற உறுப்புகளைப் பற்றிய கவலை வேண்டாம் அல்லவா?

பதில்: அப்படிச் சொல்ல இயலாது. ரத்த அளவு இயல்பாக இருந்தும் திசுவில் நோய் இருப்பது உண்டு. நார்த்திசுவில் ஊசி குத்தினால் பெரும்பாலும் போதிய செல்கள் வருவதில்லை. எனவே ஒரு சிறு துண்டை வெட்டியெடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நுண்ணோக்கியில் கோரைப்பாய்ப் பின்னலைப் போன்ற நார்களும், அடைபட்ட சிறு சிரைகளும், ஐஜிஜி4 சுமந்த பிளாஸ்மா செல்களும் தென்பட்டால் ரத்த அறிக்கையைவிட அதற்கே எடை அதிகம்.

கேள்வி: ரீடெல் நோயுள்ள என் அக்காவுக்கு ஒரு கண் பிதுங்கி வருகிறது. இது கிரேவ்ஸ் நோயா?

பதில்: இருக்கலாம். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் அந்நோயிலும் கண் பிதுங்கும். ஆனால் ரீடெல் நோயாளிக்குக் கண்குழியிலேயே அழற்சித் திசு வளர்ந்தும் கண் பிதுங்கும் என்பதால், தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள் காமாலை வந்தால் பித்தநாளங்கள் இறுகியுள்ளனவா என்றும், முகமும் கழுத்தும் வீங்கினால் நெஞ்சுக்கூட்டின் நடுப்பகுதியில் சிரை நெரிபடுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: தைராய்டை முழுவதும் அகற்றிவிட்டால் இவை வராமல் தடுக்கலாமா, டாக்டர்?

பதில்: தடுக்க முடியாது, அம்மா. மேலும், சுரப்பிக்கும் தசைக்கும் இடையே பிரித்தெடுக்கும் தளமே அழிந்திருப்பதால், முழு அகற்றலில் குரல்நரம்பும், ரத்தத்தில் கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகளும் சேதமடையும் ஆபத்து பெரிது. நெரிபடும் மூச்சுக்குழலை விடுவிக்க, சுரப்பியின் நடுப்பகுதியிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை மட்டும் எடுப்பதே வழக்கம்.

கேள்வி: ஸ்டீராய்டுடன் டாமாக்சிஃபென் எழுதியிருக்கிறார்கள். அது மார்பகப் புற்றுநோய் மருந்தல்லவா? பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் புரிகிறது. நார்த்திசு வளர்ச்சியை மட்டுப்படுத்தும் என்பதற்காகவே அதை இங்கே தருகிறோம், ஆண்களுக்கும் தருவதுண்டு. ஒரு காலில் மட்டும் வீக்கமோ, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கோ ஏற்பட்டால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஸ்டீராய்டை நீங்களாகத் திடீரென நிறுத்திவிடாதீர்கள்.