எலியைப் பார்த்துச் சமையுங்கள்: பூனை உணவு கேள்வி பதில்

வணக்கம். நான் கால்நடை மருத்துவர். 14 வருடமாக என்னிடம் வருவதில் பெரும்பாலும் பூனைகள்தான். என் வீட்டில் இருக்கும் 3 பூனைகளுக்கும் நானே சமைக்கிறேன். பூனைக்கு வீட்டிலேயே சமைத்துப் போடுவது பற்றி நீங்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: டாக்டர், எங்க பஞ்சுவுக்கு ரெண்டு வயசு. உப்பு, மசாலா எதுவும் போடாம வேகவச்ச கோழி நெஞ்சுக்கறி மட்டும்தான் எட்டு மாசமா குடுக்கிறோம். முடி பளபளன்னு இருக்கு, நல்லா ஓடியாடுது. இதுவே போதும்தானே?

பதில்: போதாதுங்க. எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உப்பும் மசாலாவும் சேர்க்காதது நல்லது. ஆனால் பூனை ஒரு எலியைப் பிடித்தால் சதையை மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடுவதில்லை. எலும்பு, ஈரல், இதயம், ரத்தம் எல்லாவற்றையும் சேர்த்தே தின்கிறது. எலும்பில் கால்சியம் கிடைக்கிறது, ஈரலில் விட்டமின் ஏ கிடைக்கிறது. கேரட்டில் இருப்பதை விட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ள நம் உடலுக்குத் தெரியும், பூனைக்குத் தெரியாது. வெயிலில் படுத்துக் கிடந்தாலும் தேவையான விட்டமின் டி அதன் தோலில் உருவாகாது. எல்லாமே இரையின் உடம்பிலிருந்துதான் வரவேண்டும். எலும்பெடுத்த கறியை மட்டும் போடும்போது அந்த எலியில் பாதியைத் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

முதலில் இடிப்பது கால்சியம். பூனைக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாக இருக்கவேண்டும். எலும்பில்லாத கறியிலோ பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயம் தாங்காது என்பதால் உடம்பு எலும்பைக் கரைத்து ஈடுகட்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, முடி பளபளப்பாகத்தான் இருக்கும்.

ஒருமுறை ஐந்து மாதக் குட்டி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். சோஃபாவிலிருந்து குதித்ததாம், பின்னங்காலை ஊன்றவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியவேண்டும். அந்தப் படத்தில் எலும்புக்கும் சதைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, எல்லாம் ஒரே சாம்பல் நிறம். தொடை எலும்பு ஒடிந்திருந்தது, முதுகெலும்பும் லேசாக வளைந்திருந்தது. அத்தனை வலியிலும் என் கையை முட்டிக்கொண்டு குர்ர்ர் என்று சத்தம் கொடுத்துக்கொண்டே இருந்தது. அந்த வீட்டார் தினமும் புதுக்கறி வாங்கி, பார்த்துப் பார்த்து வேகவைத்துப் போட்டவர்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை. கால்சியம் மட்டும்தான் இல்லை.

வளர்ந்த பூனைக்கு இது மெதுவாக வரும் என்பதால் பஞ்சுவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட கேன் உணவுக்குப் படிப்படியாக மாற்றுங்கள்.

கேள்வி: டாரின் டாரின்னு எல்லாரும் சொல்றாங்களே மேடம், அது கறியிலயே இருக்காதா? தனியா வேற போடணுமா?

பதில்: டாரின் என்பது பூனைக்குக் கட்டாயம் உணவிலிருந்து வரவேண்டிய ஒரு அமினோ அமிலம். கறியில் இருக்கிறது, ஆனால் எந்தக் கறி, எப்படிச் சமைத்தது என்பதைப் பொறுத்து. இதயத்திலும் கோழியின் தொடைக்கறியிலும் அதிகம், வெள்ளை நெஞ்சுக்கறியில் மிகக் குறைவு. தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் டாரினில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போய்விடும். அந்தத் தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள்.

இது குறைந்தால் இரண்டு இடத்தில் அடிக்கும். விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத் தசை மெலிந்து, பலூன் மாதிரி வீங்கி, பம்ப் செய்ய முடியாமல் போகும். இதயம் வீங்குவதற்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பை 1987-இல் பால் பியான் என்ற கால்நடை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த பூனைகள் அதுவரை தின்றது கம்பெனி உணவு என்பதை நினைத்துப் பாருங்கள்! அதற்குப் பிறகுதான் தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள், அந்த நோயும் அரிதாகிப்போனது. டாரின் கொடுத்ததும் பல பூனைகளின் இதயம் தேறியது. போன பார்வை மட்டும் திரும்பாது.

ஆகவே தனியாகப் போடத்தான் வேண்டும். மிச்சமானது சிறுநீரில் வெளியேறிவிடும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: பால்?

பதில்: வேண்டாம். வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் சர்க்கரை செரிக்காது, வயிற்றால் போகும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது. பாலில் அதை இழுப்பது கொழுப்புதான். தண்ணீர் வையுங்கள்.

கேள்வி: அக்கா, எங்க டைகர் மீனைத் தவிர வேற எதையும் மோந்துகூடப் பாக்கறதில்ல. தினமும் பச்சை மீன்தான். பூனைன்னா மீன்தானே?

பதில்: அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறோம் தம்பி. பூனையின் முன்னோர் வறண்ட நிலத்தில் எலியும் பறவையும் பிடித்து வாழ்ந்தவை, மீன் பிடித்தவை அல்ல. பல மீன்களில் பச்சையாக இருக்கும்போது தயாமினேஸ் என்ற நொதி இருக்கும். அது விட்டமின் பி1-ஐ அழித்துவிடும். முதலில் சாப்பாடு குறையும், பிறகு தலை கீழே தொங்கும், நடை தள்ளாடும், வலிப்பு வரும். டைகரின் தலை எப்போதாவது மார்போடு மடங்கித் தொங்கினால் அன்றைக்கே ஓடுங்கள், அது காத்திருக்கும் விஷயம் இல்லை.

வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். ஆனாலும் எண்ணெய்ச் சத்துள்ள மீனையே தினமும் தின்றால் விட்டமின் ஈ பற்றாமல் தோலடிக் கொழுப்பு வீங்கி, தொட்டாலே வலிக்கும் நோய் ஒன்று உண்டு. வாரத்தில் ஒருநாள், முள் எடுத்து, வேகவைத்துக் கொடுங்கள். மற்ற நாட்களில் அந்த மீன் வெந்த நீரைக் கோழிக்கறிமேல் இரண்டு ஸ்பூன் தெளித்து, வெதுவெதுப்பாக வையுங்கள். பிடிவாதக்காரர்களை மயக்க இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை.

கேள்வி: பட்டினி போட்டா தானா வழிக்கு வரும்னு சொல்றாங்களே?

பதில்: தயவுசெய்து செய்யாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் இதில் நிறைய வித்தியாசம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்ப் படியும். கண்ணும் ஈறும் மஞ்சளாகும். கவனிக்காவிட்டால் உயிரே போய்விடும். ஒருநாள் முழுக்க வாய் வைக்கவில்லை என்றாலே பழைய உணவைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். புது உணவைப் பழையதோடு கால் பங்கு, அரைப் பங்கு என்று பத்து நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

கேள்வி: நாங்க சுத்த சைவம். பூனைக்கும் பருப்பு, காய்கறி வச்சே சமாளிக்கலாமா டாக்டர்? எங்களால கறியைத் தொட முடியாது.

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் பூனையை அப்படி வளர்க்க முடியாது. பருப்பில் டாரின் இல்லை, காய்கறியில் பூனைக்குப் பயன்படும் விட்டமின் ஏ இல்லை, அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு விலங்கிலிருந்துதான் வரவேண்டும். நீங்கள் கறியைத் தொட வேண்டியதில்லை. முழுமையான கேன் உணவைத் திறந்து தட்டில் கொட்டுங்கள். வீட்டில் சமைத்தே ஆகவேண்டும் என்று பூனை கேட்கவில்லை.

கேள்வி: வெங்காயம் போட்ட சூப்பில் வெங்காயத்தை எடுத்துட்டுக் குடுக்கலாமா?

பதில்: கூடாது. சாறு இறங்கியிருக்கும். வெங்காயம், பூண்டு, அவற்றின் பொடி எல்லாமே பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

கேள்வி: இணையத்துல நிறைய செய்முறை இருக்கே, எதை நம்பறது? நீங்க எப்படிச் செய்றீங்கன்னு சொல்லுங்க மேடம்.

பதில்: 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 114 செய்முறைகளை எடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்த பூனைக்குத் தேவையான எல்லாச் சத்தும் சரியாக இருந்தது ஒன்றுகூட இல்லை. அதனால் என்னுடையதையும் அப்படியே நகலெடுக்காமல், உங்கள் பூனையைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் என் சமையல். தோலெடுத்த, எலும்பில்லாத தொடைக்கறி 1 கிலோ, கோழி இதயம் 100 கிராம், ஈரல் 50 கிராம். ஈரலை அதற்குமேல் கூட்டமாட்டேன். நாள்கணக்கில் ஈரலாகவே போட்டால் விட்டமின் ஏ மிஞ்சிக் கழுத்தெலும்புகள் ஒட்டி இறுகிவிடும், தன் முதுகை நக்கக்கூட முடியாமல் போன பூனையைப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொஞ்சமே தண்ணீரில், மூடி போட்டு, உள்ளே சிவப்பு போகும்வரை வேகவைப்பேன். 2 முட்டையின் மஞ்சள் கருவையும் அதிலேயே விட்டுவிடுவேன். மிக்ஸியில் ஒரு சுற்று, குழையக் கூடாது. வெந்த நீர் முழுவதும் அதோடுதான் சேரும்.

நன்றாக ஆறிய பிறகே டாரின் 2 கிராமும் விட்டமின்களும், சூட்டில் போட்டால் சில வீணாகும். கால்சியத்துக்கு முட்டை ஓடு: கழுவி, 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, விரலில் நெருடாத அளவுக்கு மாவாகப் பொடித்தது, தட்டையாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராமுக்குச் சற்று மேல். இதில்தான் பலர் தவறுகிறார்கள்: பூனைக்கென விற்கும் விட்டமின் கலவைகள் சிலவற்றில் கால்சியம் ஏற்கெனவே இருக்கும், அதை வாங்கினால் முட்டை ஓடு வேண்டாம். கலவையில் விட்டமின் ஈ, அயோடின், துத்தநாகம், பி விட்டமின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள், வீட்டு உணவில் விட்டுப்போவது இவைதான். கண்ணளவு வேண்டாம், கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

4 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த வீட்டுப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி போதும். வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைக்கிறேன். குளிர்பெட்டிக்கு இறங்கியதை இரண்டு நாளில் தீர்த்துவிடுவோம்.

கேள்வி: பச்சைக் கறிதானே இயற்கை? ஏன் வேகவைக்கணும்?

பதில்: காட்டில் அது அப்போதே கொன்ற இரை. நாம் வாங்குவது பல கை மாறி வந்த கறி. அதிலிருக்கும் சால்மோனெல்லா என்ற கிருமி உங்கள் கைக்கும் வீட்டுக் குழந்தைக்கும் வரும். 2024-இலிருந்து அமெரிக்காவில் பச்சைக் கோழிக்கறி, வான்கோழிக்கறி உணவு தின்ற பூனைகள் எச்5என்1 பறவைக் காய்ச்சலில் இறந்திருக்கின்றன. நான் வேகவைக்கிறேன். ஒன்று மட்டும்: வெந்த எலும்பு ஊசி மாதிரிப் பிளக்கும், அதைத் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மா, எங்க கருப்பிக்கு 13 வயசு. கிட்னி பிரச்சினைன்னு சொல்லிட்டாங்க. நானே பாத்துப் பாத்து சமைச்சுக் குடுக்கணும்னு ஆசையா இருக்கு.

பதில்: மேலே நான் சொன்ன செய்முறை கருப்பிக்கு ஆகாது, முதலில் அதை மனதில் வையுங்கள்மா. சிறுநீரகம் தளர்ந்த பூனைக்குப் பாஸ்பரஸைக் குறைக்கவேண்டும், கறியிலும் ஈரலிலும் அது ஏராளம். மருத்துவர் எழுதிக்கொடுத்த சிறுநீரக உணவுதான் அவளுக்குப் பிரதானம். உங்கள் கையால் ஏதாவது செய்யவேண்டும் என்றால் தண்ணீர் விஷயத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேன் உணவில் ரெண்டு மூன்று ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்து, உள்ளங்கைச் சூட்டில் வையுங்கள். வீட்டில் மூன்று இடத்தில் அகலமான கிண்ணத்தில் தண்ணீர். வாரம் ஒருமுறை அவளைத் தூக்கி எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், 100 கிராம் குறைந்தாலும் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போங்கள்.