மாத்திரை தவறாமல் எடுக்கிறேன், ஆனாலும் மனம் ஏன் தேறவில்லை?

கேள்வியின் சுருக்கம்: எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. ஒரு வேளை மருந்துகூடத் தவறவில்லை. வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை. இவ்வளவு நல்ல முடிவு வந்தும் மகிழத் தெரியாத நன்றிகெட்டவனா நான்? அக்காவிடம் சொல்லலாமா?

பதில்:

இல்லை, நீங்கள் நன்றிகெட்டவர் இல்லை. அந்தச் சொல்லை முதலில் தூக்கி எறியுங்கள். பதினோரு வருடங்களாக எச்.ஐ.வி.யுடன் வாழ்கிறேன். முதல் வருடத்தில் என் மீதே நான் வீசிக்கொண்ட சொல்லும் ஏறக்குறைய அதுதான்.

அப்போது புது மருந்துப் புட்டி கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலை, குளியலறைக் கதவைத் தாழிட்டு, வெந்நீரில் அதை ஊறவைத்து லேபிளை உரிப்பது. ஒட்டிக்கொண்டிருக்கும் பசையை நகத்தால் சுரண்டுவேன். பையில் குலுங்கி ஓசை எழுப்பக் கூடாது என்று உள்ளே பஞ்சை அடைப்பேன். மாத்திரையை விழுங்கப் பத்து விநாடி போதும். மறைப்பதற்கோ நாள் முழுவதும் வேண்டும். பரிசோதனைக்குப் போன நாளில் அலுவலகத்தில் சொன்ன காரணம் என்ன, வீட்டில் சொன்னது என்ன, இரண்டும் எங்காவது சந்தித்துவிடுமா என்று கணக்குப் போட்டபடியே இருப்பேன். ரத்தத்தில் வைரஸ் அடங்கிய பிறகும் இந்த வேலை ஒரு துளிகூடக் குறையவில்லை. உங்களைக் களைக்க வைப்பதும் இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நோயைவிட, அதை ஒற்றை ஆளாகக் காவல் காப்பதுதான் கடினம்.

ஒருமுறை மருந்தாளுநர் என் புட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "பஞ்சு ஈரத்தை இழுக்கும், வைக்காதீர்கள்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஏன் வைத்தேன் என்று விளக்க வாயெடுத்தவன் அங்கேயே அழுதுவிட்டேன். அவர் என்னை உட்காரவைத்து, அதே கட்டடத்தில் இருந்த உளவள ஆலோசகரிடம் தாமே அழைத்துப் போனார். அதுவரை ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்பார், "நன்றாக இருக்கிறேன்" என்பேன். அவர் உடலைக் கேட்கிறார் என்று நானே முடிவு செய்துகொண்டிருந்தேன்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. கவனிக்காமல் விட்டால் நாளடைவில் மாத்திரை தவறத் தொடங்கலாம். ஆகவே உங்கள் தூக்கமின்மையும் பிடிப்பின்மையும் சிகிச்சைக்கு வெளியே இருக்கும் சொந்தப் பிரச்சினை அல்ல. காய்ச்சல் வந்தால் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே இதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது மருந்தைப் பற்றியும் கேளுங்கள். எஃபாவிரென்ஸ் என்ற பழைய மருந்து விபரீதமான கனவுகளையும் தலைச்சுற்றலையும் தரும், சிலருக்கு மனச்சோர்வையும் கூட்டும். இன்று பலரும் எடுக்கும் டோலுடெக்ராவிர் பெரும்பாலானோருக்கு நன்கு ஒத்துப்போகிறது. ஆனால் சிலரின் தூக்கத்தை அது கெடுப்பதுண்டு. அவர்களில் பலருக்கு இரவு எடுத்ததைக் காலைக்கு மாற்றினாலே போதுமாக இருக்கிறது. எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். மனச்சோர்வுக்கு நல்லது என்று விற்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்ற மூலிகையைத் தொடவே வேண்டாம், அது எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். இந்த மருந்துகளோடு ஒத்துப்போகும் மனச்சோர்வு மருந்துகள் இருக்கின்றன, மருத்துவர் பார்த்துத் தருவார்.

ஒருவேளை உங்களிடம் ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவார்கள். கடந்த இரண்டு வாரங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். கடைசிக் கேள்வி, செத்துவிட்டால் தேவலை என்றோ, உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்தீர்களா என்பது. நான் முதல் முறை அதில் பொய் சொன்னேன். நீங்கள் சொல்லாதீர்கள். அந்த எண்ணம் இப்போதே இருக்கிறது என்றால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கவும் கூடாது. இன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

இன்னொன்று, தன்வெறுப்பு. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. துண்டு, குவளை வழியாகத் தொற்றாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் என் துண்டை மற்றவர்களுடையது படாத தூரத்தில்தான் காயப்போடுவேன். அறிவுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. 2019-ல் வெளியான ஓர் ஆய்வை ஆலோசகர் எனக்கு வரி வரியாக விளக்கினார். ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள ஏறத்தாழ 780 ஆண் ஜோடிகள், ஆணுறை இல்லாத உறவு, மருந்தால் வைரஸ் அடங்கிய நிலை. துணையிடமிருந்து தொற்றியது ஒருவருக்குக்கூட இல்லை. ஆணும் பெண்ணுமான ஜோடிகளிடமும் இதற்கு முன் இதே முடிவு கிடைத்திருந்தது. அதைக் கேட்டு வந்த பிறகும் துண்டைக் கொடியின் நடுவில் போட எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. உங்களுக்கும் நாள் பிடிக்கலாம், பரவாயில்லை.

நீங்கள் கேட்காவிட்டாலும், எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களே கூடிப் பேசும் சக ஆதரவுக் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு அதிகம் உதவியது அதுதான். முதல் நாள் கதவோரம் உட்கார்ந்தேன், எழுந்து ஓட வசதியாக. எதிரில் இருந்த அம்மா ஒருவர் அரை மணி நேரம் தம் மகளின் தேர்வைப் பற்றியே பேசினார். எச்.ஐ.வி. என்ற சொல்லே வரவில்லை. மற்றவர்கள் இடையிடையே யோசனை சொன்னார்கள். இருபது வருடமாக மருந்து எடுக்கும் ஒருவருக்குக் கவலைப்பட வேறு விஷயங்கள் இருக்கின்றன என்பதைக் கண்ணால் பார்த்தேன். எந்த மருத்துவரும் சொல்லிப் புரியவைக்க முடியாதது அது.

இதற்குப் படித்த நிபுணர்கள்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் ஒரு வேலையைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவமனை வளாகத்து மரப் பெஞ்சில் உட்கார்ந்து, வருபவர்களின் பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் எடுத்து அவர்களோடு சேர்ந்து வழி தேடுவார்கள். 2016-ல் வெளியான ஆய்வில் ஆறு மாதங்களுக்குப் பிறகு அவர்களிடம் பேசியவர்களின் மனச்சோர்வு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பத்துக்கு நான்கு பேர் நம்மைப் போல எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள். மனச்சோர்வுக்கு அங்கே வழங்கும் பெயருக்கு "அளவுக்கு மீறி யோசித்தல்" என்று பொருள். நம் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கேட்டதில்லை.

இனி அக்கா விஷயம். சொல்லியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எப்போது என்பதும் உங்கள் முடிவுதான். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், ஒரு வார்த்தையும் வெளியே போகாது என்று நீங்கள் ஏற்கெனவே சோதித்தறிந்த ஆளாக அவர் இருக்க வேண்டும். ஆலோசகரிடம் இரண்டு, மூன்று முறை பேசிவிட்டுச் சொல்வது நல்லது. வாய்விட்டுச் சொல்லிப் பழகியிருப்பீர்கள், குரல் அவ்வளவு நடுங்காது. நான் என் அண்ணனிடம் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "குழந்தைகளைத் தூக்கலாமா?" என்பது. உள்ளே நொறுங்கிப்போனேன். இரண்டு நாள் கழித்துத் தானே வந்து மன்னிப்புக் கேட்டார், இடையில் நிறையப் படித்திருந்தார். உங்களுக்கு முதல் நாள் இரவு என்னென்ன பயம் வந்ததோ அத்தனையும் உங்கள் அக்காவுக்கும் வரும். உங்களுக்கு ஏழு மாதம் கிடைத்தது, அவருக்கு அப்போதுதான் முதல் நிமிடம். முடிந்தால் உங்கள் கடைசிப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசத் தொடங்குங்கள்.