போர் மனவடுவும் குதிரையும்: கேள்வி பதில்

போரில் பட்ட அதிர்ச்சி மனதில் விட்டுச்செல்லும் காயத்தைத்தான் போர் மனவடு என்கிறேன். அதற்காக முன்னாள் ராணுவத்தினருக்குக் குதிரை உதவியோடு நடக்கும் மனநலச் சிகிச்சையில் குதிரைகளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: என் கணவர் குதிரை ஏறியதே இல்லை. சேரலாமா?

தாராளமாக. பெரும்பாலும் ஏறவே வேண்டியிருக்காது. உடம்பைத் தேய்த்துவிடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, கயிறு பிடித்து நடத்துவது என எல்லாம் தரையில் நின்றபடிதான்.

கேள்வி: ஏன் குதிரை? நாய் போதாதா?

நாயால் பலன் பெற்றவர்கள் நிறைய உண்டு. ஆனால் குதிரை வேட்டையாடப்படும் இனம். கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். காதுகள் தனித்தனியாகத் திரும்பும். சின்னச் சத்தம் கேட்டாலும் ஓடத் தயாராகிவிடும். போரிலிருந்து வந்து, ஆபத்து வருமோ என்று எங்கே போனாலும் வாசலைப் பார்த்தே உட்காரும் ஒருவருக்கு இந்த விழிப்பு நன்றாகவே தெரியும். ஆனால் ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் குதிரை தலையைத் தாழ்த்தி மறுபடி மேயப் போய்விடும். போரிலிருந்து வந்தவருக்குக் கைநழுவிப் போனது அந்த இரண்டாவது பாதிதான்.

அப்புறம், அரை டன் எடையுள்ள உயிரை அதட்டிப் பணிய வைக்க முடியாது. பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு போனால் தலையைத் தூக்கி விலகும். மூச்சை விட்டுத் தோளைத் தளர்த்தினால் பெரும்பாலும் நிற்கும். தான் இறுகியிருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிகிறது. வேகமாகத் துடிக்கும் நெஞ்சைத் தானே அமைதிப்படுத்தும் பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: ஆய்வு ஏதாவது உண்டா?

உண்டு. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 63 முன்னாள் ராணுவத்தினருக்கு வாரம் ஒருமுறை, 90 நிமிடம் வீதம் 8 குழு அமர்வுகள் நடத்தி, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு மனவடுவின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. 3 மாதம் கழித்தும் அது நீடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு அதில் இல்லை. அதனால் குதிரையால்தான் குறைந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள். அதிர்ச்சி நினைவுகளை நேரடியாகக் கையாளும் பேச்சு சிகிச்சைகளுக்குத்தான் இன்னும் வலுவான ஆதாரம் இருக்கிறது. குதிரை அதோடு சேர்ந்து வரட்டும். உயிரை விடும் எண்ணம் வந்தால் அமர்வு நாளுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர உதவியை நாடுங்கள்.

கேள்வி: நல்ல இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உரிமம் பெற்ற மனநல நிபுணர், குதிரை தெரிந்தவர், இருவரும் அமர்வில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். குதிரைகளுக்கு ஓய்வு நாள் உண்டா என்றும் கேளுங்கள். களைத்த குதிரையை வேலைக்கு விடும் இடத்தை நான் நம்ப மாட்டேன்.

கேள்வி: அப்பா போய்வருகிறார். வீட்டில் வாயே திறப்பதில்லை. என்ன செய்வது?

சரி, அவரை விசாரிக்காதீர்கள். "என்ன பேசினீங்க?" என்று கேட்டால் அவர் இன்னும் ஒடுங்கிக்கொள்ளலாம். குதிரையின் பெயரைக் கேளுங்கள். அதற்கு எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்று கேளுங்கள். அதைச் சொல்ல ஆரம்பித்தால் இடையில் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.